முறையிட ஒரு வாசல்

எல்லை தாண்டி வந்து ஆளும் அதிகாரத்தை எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது? தத்துவப் பேராசிரியர்கள் இன்று புத்தகம் புத்தகமாக எழுதும் இந்தக் கேள்வியை போபால் மக்கள் 40 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள்.

நியூயார்க் நகரின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் 1985-ல் ஒரு வினோதமான வழக்கு தொடங்கியது. யூனியன் கார்பைடு மீது வழக்குத் தொடுத்த இந்திய அரசு, இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் சக்தி எங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்கு இல்லை என்றது. தாமதம், சட்டத்தின் போதாமை, இத்தகைய வழக்குகளில் அனுபவமின்மை என்று தன் வீட்டுக் குறைகளை வரிசையாக அடுக்கியது. எதிர்த்தரப்பான அமெரிக்கக் கம்பெனியோ இந்திய நீதித் துறையின் புகழ் பாடியது. கம்பெனிக்காகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர்களில் ஒருவர், இந்தியாவின் தலைசிறந்த சட்ட மேதைகளில் ஒருவரான நானி பல்கிவாலா. இந்திய அரசுக்காகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் மார்க் கேலண்டர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். ஆக, இந்திய நீதிமன்றங்கள் போதாது என்று ஓர் அமெரிக்கரும், தாராளமாகப் போதும் என்று ஓர் இந்தியரும் சாட்சி சொன்னார்கள்.

1986 மே 12 அன்று நீதிபதி ஜான் கீனன் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தார். சாட்சிகள், ஆவணங்கள், பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இந்தியாவில் இருப்பதால் வழக்கு நடக்க வேண்டிய இடம் இந்தியாதான் என்றார். அத்துடன் நிற்கவில்லை. வழக்கை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டால், தன் அளவுகோல்களை வளரும் நாடு ஒன்றின் மீது திணிக்கும் இன்னொரு ஏகாதிபத்தியச் செயலாகிவிடும் என்றும் எழுதினார். ஏகாதிபத்தியத்தைக் கண்டித்த தீர்ப்புகளில், ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு இவ்வளவு உபயோகமாக அமைந்தது வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே.

வழக்கு எதைப் பற்றியது என்பதை ஒரு தலைமுறைக்கு இப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் தொட்டி ஒன்றில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட் வாயு ஊருக்குள் பரவியது. தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய அமைப்பு பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. மத்தியப் பிரதேச அரசு முதலில் உறுதி செய்த சாவு எண்ணிக்கை 3,787. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. தொழிற்சாலையை நடத்திய இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டேன்பரி என்ற ஊரில் தலைமையகம் வைத்திருந்த தாய்க் கம்பெனியிடம் இருந்தது. மிச்சப் பங்குகளில் ஒரு பகுதியை இந்திய அரசின் நிதி நிறுவனங்களே வைத்திருந்தன. இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு கீனனின் தீர்ப்பைப் பார்த்ததும் கண்ணகி ஞாபகம் வராமல் இருக்காது. நாம் அடிக்கடி மறந்துவிடும் விஷயம், கண்ணகி பாண்டிய நாட்டுப் பிரஜை அல்ல. சோழ நாட்டுப் புகாரில் பிறந்தவள். அடுத்த நாட்டு அரசனின் வாசலில் போய் நின்றாள். நீ சோழ நாட்டுக்காரி, உன் ஊர் மன்றத்தில் போய்ச் சொல் என்று மதுரை வாயிற்காவலன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தீங்கு நடந்த ஊர், அதற்கு ஆணையிட்டவன், நீதி கேட்கும் வாசல் மூன்றும் ஒரே கோட்டைக்குள் இருந்தன. போபாலில் இந்த மூன்றும் பிரிந்து கிடந்தன. தீங்கு நடந்தது தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய குடிசைப் பகுதிகளில். பெரும்பான்மைப் பங்கின் அதிகாரம் இருந்தது டேன்பரியில். வாசல் எங்கே என்பதே வழக்காகிவிட்டது.

நவீன அரசியல் தத்துவம் இந்தப் பிரிவை மிகவும் தாமதமாகத்தான் கவனித்தது. ஜான் ரால்ஸ் 1971-ல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூல்தான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்துறையைப் புரட்டிப் போட்டது. சமூகத்தின் செல்வமும் வாய்ப்புகளும் எப்படிப் பங்கிடப்பட்டால் அது நியாயம் என்று அந்த நூல் கேட்டது. ஆனால் எந்தச் சமூகம்? ரால்ஸ் வசதிக்காக ஓர் அனுமானம் செய்துகொண்டார். மற்றச் சமூகங்களுடன் தொடர்பில்லாத, மூடிய ஒரு சமூகம். வேலி போட்ட தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 1999-ல் அவர் நாடுகளுக்கிடையிலான உறவைப் பற்றித் தனி நூல் எழுதியபோதும், நலிந்த சமூகங்களுக்கு உதவும் கடமை உண்டு என்றாரே தவிர, தன் நாட்டுக்குள் பொருந்தும் பங்கீட்டு விதியை உலகத்துக்கு விரிக்க மறுத்தார்.

அந்த வேலியையே கேள்வி கேட்டவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃப்ரேசர். உலகமயமாகும் உலகில் நீதியின் சட்டகத்தை மாற்றியமைப்பது பற்றி 2005-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு முன்பாக, அந்தக் கேள்வியை யாரெல்லாம் கேட்கலாம் என்று ஒரு கோடு போடப்படுகிறது. கோடு தவறாகப் போடப்பட்டால் வெளியே நிற்பவர்களுக்கு இழைக்கப்படுவது அநீதி என்றே கணக்கில் வராது என்கிறார் அவர். நாட்டு எல்லைதான் நீதியின் எல்லை என்று வைத்துக்கொண்டால் அதனால் பயன் அடைபவர்கள் எல்லைகளை எளிதில் தாண்டக் கூடியவர்கள்தான். ஏழை தன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அவனைப் பாதித்த முடிவை எடுத்தவர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருப்பதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தத்துவ நூல்களில் அநீதிக்கு இணையாக அடிபடும் சொல்லுக்கு அகராதியில் ஆதிக்கம் என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பில் கை வைத்தவர்களுக்கு அந்தச் சொல்லின் போதாமை தெரியும். ஆதிக்கம் என்றதும் நமக்கு அடி உதை, மிரட்டல், பறிமுதல் என்று நடக்கும் காரியங்கள்தான் மனதில் வருகின்றன. ஃபிலிப் பெட்டிட் என்ற அயர்லாந்துக்காரர் 1997-ல் எழுதிய நூலில் இதற்கு வேறு பொருள் கொடுத்தார். அடிமையின் எஜமான் மிக நல்லவனாக இருக்கலாம், வாழ்நாள் முழுவதும் கை ஓங்காமல் இருக்கலாம். ஆனாலும் நினைத்தால் ஓங்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை என்ற நிலை இருக்கும்வரை அடிமை அடிமைதான். இதற்குத் தமிழில் அருமையான சொல் பேச்சு வழக்கில் இருக்கிறது. தயவு. “அவங்க தயவுலதான் ஓடுது” என்று சொல்லும்போது யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் பேசுபவரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. தயவில் வாழ்வதற்கு எதிர்ப்பதம், முறையிட ஓர் இடம் இருப்பது.

அப்படிப் பார்த்தால் போபாலின் அநீதி அந்த டிசம்பர் இரவில் தொடங்கவில்லை. 1982 மே மாதமே தாய்க் கம்பெனியின் நிபுணர் குழு போபாலுக்கு வந்து பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டுவிட்டுப் போனது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தன் சிறிய இந்தி வார இதழில் இந்த நகரம் எரிமலையின் வாயில் இருக்கிறது என்ற தொனியில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவைக்கும் அதிகாரம் அவருக்கோ, சுவரை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கோ இல்லை. வாயு கசியாத ஒவ்வொரு நாளும் அவர்கள் யாரோ ஒருவரின் தயவில் உயிரோடு இருந்தார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி கொடியது, நம் அரசு நல்லது என்று இந்தக் கதையைச் சொல்லி முடிக்க முடியாது. 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விஷ வாயுவால் பாதிக்கப்பட்ட அத்தனை பேரின் சார்பிலும் வழக்காடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே என்றது அந்தச் சட்டம். தாயும் தந்தையுமாக அரசு இருக்கும் என்பது அதன் தத்துவம். பறந்து வந்து போபாலில் இறங்கி, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்க வக்கீல் கூட்டத்தைப் பார்த்தால் அரசின் நோக்கத்தைக் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் அந்தத் தந்தையின் நிதி நிறுவனங்கள்தான் பிரதிவாதிக் கம்பெனியின் பங்குதாரர்கள். தொழிற்சாலைக்கு உரிமம் கொடுத்ததும், ஆய்வாளர்களை அனுப்பியதும், அனுப்பாமல் இருந்ததும் அரசாங்கங்கள்தான். பாதிக்கப்பட்டவர்கள் ஒரு தயவிலிருந்து இன்னொரு தயவுக்கு மாறினார்கள்.

விளைவு 1989 பிப்ரவரி 14 அன்று தெரிந்தது. 330 கோடி டாலர் கேட்டிருந்த இந்திய அரசு, உச்ச நீதிமன்றத்தின் முன் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. கிரிமினல் வழக்குகளும் கைவிடப்படும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தந்தைக்குரிய உரிமையைச் சட்டம்தான் கொடுத்துவிட்டதே! அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 1991-ல் மறுபரிசீலனையின்போது கிரிமினல் வழக்குகளுக்கு மட்டும் உயிர் கிடைத்தது. தொகை மாறவில்லை. பாதிக்கப்பட்டவர்களாக இறுதியில் ஏற்கப்பட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது முதலில் 25,000 ரூபாய், 2004-க்குப் பிறகு மறுபடியும் அதே அளவு. உடன்பாட்டைத் திருத்தக் கோரி அரசே 2010-ல் தாக்கல் செய்த சீராய்வு மனுவை 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தள்ளுபடி செய்தது.

கிரிமினல் வழக்கின் கதை இன்னும் சுருக்கம். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலுக்கு வந்தார். கைதானார், அன்றே ஜாமீனில் விடப்பட்டு டெல்லிக்கு விமானம் ஏற்றப்பட்டார். 1992-ல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவானவர் என்று அறிவித்தது. நாடு கடத்தச் சொல்லி இந்தியா 2003-ல் கேட்டது, அமெரிக்கா மறுத்தது. 2014-ல் ஃப்ளோரிடாவில் இறந்துபோனார். 2010-ல் தண்டிக்கப்பட்டவர்கள் இந்திய அதிகாரிகள் மட்டும். இரண்டாண்டு தண்டனை, உடனே ஜாமீன். யூனியன் கார்பைடை 2001-ல் டௌ கெமிக்கல் வாங்கிவிட்டது. திரும்பத் திரும்பச் சம்மன் அனுப்பப்பட்ட பிறகு, 2023 அக்டோபரில் டௌவின் வழக்கறிஞர்கள் முதல் முறையாக போபால் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். தங்கள் கட்சிக்காரர் மீது இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வதற்காக!

இது எல்லாம் உலகமயம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்து வியாதி, பிறகு குணமாகியிருக்கும் என்று நினைப்பவர்கள் இன்னொரு வழக்கையும் பார்க்க வேண்டும். ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, இப்போது ஜார்க்கண்டில் உள்ள பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்தை அமைக்க கோல் இந்தியாவுடன் 1989-ல் ஒப்பந்தம் செய்தது. அதாவது போபால் உடன்பாடு கையெழுத்தான அதே ஆண்டு. தகராறு வந்தது. மத்தியஸ்தர்கள் 2002-ல் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தார்கள். அதை இந்திய நீதிமன்றங்களில் நிறைவேற்றப் போனபோது வழக்கு இழுத்தது. ஒன்பது ஆண்டுகள். கம்பெனி சும்மா இருக்கவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்திருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. உரிமைகளை நிலைநாட்டப் பயனுள்ள வழி தரவேண்டும் என்று குவைத்துடன் இந்தியா செய்திருந்த இன்னொரு ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. நடுவர்கள் அதைக் கடன் வாங்கி, இந்திய நீதிமன்றங்களின் தாமதத்துக்காக இந்திய அரசு கம்பெனிக்குப் பணம் தரவேண்டும் என்று 2011 நவம்பரில் தீர்ப்பளித்தார்கள்.

தொகை சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலரும் வட்டியும்தான், பெரிதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை போபாலின் தெருவில் நின்று படித்துப் பார்க்க வேண்டும். அதே நாடு, அதே நீதிமன்றங்கள். ஒன்பது ஆண்டு தாமதம் ஒரு கம்பெனிக்கு அநியாயம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. அப்போது போபால்காரர்கள் காத்திருந்தது 27-வது ஆண்டு. நியூயார்க்கில் இந்திய அரசு சொன்ன வாதம் கடைசியில் ஜெயித்துவிட்டது, வேறு யாருக்கோ.

உலக நீதி என்ற எண்ணத்தை மறுக்கும் தத்துவ அறிஞர்களில் மிகக் கூர்மையானவர் தாமஸ் நேகல். நீதி என்பது பொதுவான இறையாண்மை உள்ள இடத்தில்தான் சாத்தியம், உலக அரசு என்று ஒன்று இல்லாதபோது உலகளாவிய நீதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்று 2005-ல் எழுதினார். படிக்கும்போது வாதம் அசைக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு மட்டும் அந்த மன்றம் எங்கிருந்து வந்தது? உலக அரசு இல்லாமலேயே, ஆயிரக்கணக்கான முதலீட்டு ஒப்பந்தங்கள் மூலம் எல்லை தாண்டிய ஒரு நீதி முறையைக் கட்டியிருக்கிறார்கள். அதில் முதலீட்டாளர் நாட்டின் மீது வழக்குப் போடலாம். நாட்டின் குடிமகன் முதலீட்டாளர் மீது போட முடியாது. ஆகவே வாசல் கட்ட முடியாது என்பதில்லை. யாருக்காகக் கட்டுவது என்பதில்தான் விஷயம். தொடர்ந்து இப்படி அடிபட்ட இந்திய அரசு, 2016-க்குப் பிறகு 50-க்கும் மேற்பட்ட நாடுகளுடனான ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது. தன் கஜானாவுக்கு வந்த ஆபத்தை அது சீக்கிரம் புரிந்துகொண்டது.

சாதாரண மக்கள் அந்தப் பக்கம் போய்த் தட்டிப் பார்க்காமல் இல்லை. குஜராத்தின் முந்திரா கடற்கரையில் டாடா குழுமத்தின் அனல் மின் நிலையத்துக்கு, உலக வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீன் பிடிப்பு கெட்டது, நிலத்தடி நீர் கெட்டது என்று முறையிட்ட மீனவர்களும் விவசாயிகளும் 2015-ல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். அந்தக் கழகத்தின் சொந்த விசாரணைப் பிரிவே குறைகள் உண்டு என்று 2013-ல் சொல்லியிருந்தது. கழகத்தின் பதில் ஒரே வரி: சர்வதேச அமைப்பு என்பதால் எங்கள் மீது வழக்கே போட முடியாது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் இதை நிராகரித்தது. முந்திராவில் மகிழ்ச்சி. ஆனால் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியதும், தீங்குக்குக் காரணமான செயல் அமெரிக்காவில் நடக்கவில்லை, இந்தியாவில் நடந்தது என்று சொல்லி 2020-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். 2021-ல் மேல்முறையீடும் தோற்றது. கீனனின் நிழல் 35 ஆண்டுகளுக்குப் பிறகும் நீண்டுதான் இருந்தது.

ஒரே ஒரு வாசல் ஓரளவுக்குத் திறந்தது. ஜாம்பியாவில் சிங்கோலா நகரின் அருகே, வேதாந்தா குழுமத்தின் செம்புச் சுரங்கத்தால் ஆற்று நீர் கெட்டதென்று சுமார் 1,800 கிராமத்தார் லண்டனில் வழக்குப் போட்டார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தக் குழுமத்தின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்போது அதன் தாய்க் கம்பெனி லண்டனில் இருந்தது. 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வழக்கை இங்கேயே நடத்தலாம் என்றது. வழக்கு நடக்கப் பொருத்தமான இடம் ஜாம்பியாதான் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும் அப்படிச் சொன்னது. அங்கே இவ்வளவு ஏழைகளுக்கு வழக்காடப் பணமும் இல்லை, இத்தகைய வழக்கை நடத்தும் அனுபவமுள்ள வக்கீல்களும் இல்லை, அங்கே அனுப்புவது நீதியை மறுப்பதாகிவிடும் என்பது காரணம். 1985-ல் நியூயார்க்கில் இந்தியா சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இரண்டாண்டுக்குள் கம்பெனி, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், சமரசம் செய்துகொண்டது.

இதில் ஏகாதிபத்தியம் எங்கே இருக்கிறது என்று தேடினால் தலை சுற்றும். பழைய எஜமான நாட்டு நீதிமன்றம், இந்தியர் ஒருவர் உருவாக்கிய குழுமத்தை, ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்காகக் கூண்டில் ஏற்றுகிறது. கீனன் பயன்படுத்திய அந்தச் சொல்லை நம் ஊரிலும் பலர் நல்ல மனதோடு பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்பது நம் சுயமரியாதைக்கு இழுக்கு என்பார்கள். நாட்டின் சுயமரியாதைக்கு இருக்கலாம். குடிநீரில் செம்புக் கழிவு கலந்தவருக்கு, எந்த நாட்டுக் கொடி பறக்கும் கட்டடம் என்பது இரண்டாம் பட்சம். அமர்த்திய சென் 2009-ல் எழுதிய நூலில், அமைப்புகளும் விதிகளும் ஒழுங்காக இருப்பதை நீதி என்றும், மனிதர்களுக்கு நடைமுறையில் என்ன நேர்கிறது என்பதை நியாயம் என்றும் வடமொழி வழக்கைக் கொண்டு பிரித்துக் காட்டினார். நாம் இரண்டையும் ஒரே மூச்சில் ‘நீதி நியாயம்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கீனனின் தீர்ப்பில் முதலாவது இருந்தது.

தொழிற்சாலை வளாகத்தில் கிடந்த விஷக் கழிவின் கதை இன்னும் முடியவில்லை. 47 கோடி டாலர் கணக்கில் அந்தக் கழிவு சேரவே இல்லை. சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிலத்தடி நீர் கெட்டபின்தான் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. குஜராத்தின் அங்கலேஷ்வரில் எரிக்கலாம் என்றார்கள், குஜராத் அரசு 2007-ல் மறுத்தது. ஜெர்மனிக்கு விமானத்தில் கொண்டுபோகலாம் என்றார்கள், அங்கே எதிர்ப்புக் கிளம்பியதும் 2012-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜனவரி தொடக்கத்தில் 337 டன் கழிவு 12 கன்டெய்னர்களில் ஏற்றப்பட்டு, இந்தூர் அருகே உள்ள பீதம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. பீதம்பூர் மக்களும் வேண்டாம் என்றார்கள். கடையடைப்பு நடந்தது, இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். அந்த ஆண்டு நடுவில் கழிவு முழுவதும் எரிக்கப்பட்டது. சுண்ணாம்பும் பிறவும் சேர்த்து எரித்ததால், மிஞ்சிய சாம்பலின் எடை கழிவின் எடையைவிட அதிகம். அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்பது அடுத்த வழக்காயிற்று.